கொக்கிக் கம்பியும் சந்தோஷக் கணக்கும்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 52. பாலக்கோடு தாலுகாவில் காட்டை ஒட்டிய ஊர். வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. இரண்டரை ஏக்கர் மேட்டுக் கொல்லை. கேழ்வரகும் ஊடே கொஞ்சம் அவரையும் போடுகிறோம். போன கார்த்திகையில் யானைகள் இறங்கி, ஒரே ராத்திரியில் முக்கால்வாசிக் கதிரைத் தின்று மிதித்துவிட்டுப் போய்விட்டன. இந்த வருஷம் என் கொழுந்தனார் பங்காளிகள் நாலு வீட்டுக் கொல்லையையும் சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறார். ராத்திரி ஆனால் லைனில் கொக்கி போட்டு அதில் கரண்ட் விடுகிறார். போன வாரம் ஃபாரஸ்ட் வாட்சர் வந்து, "இந்தப் பக்கம் கரண்ட் கம்பி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் மகன் தருமபுரியில் ரூம் எடுத்துத் தங்கி சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கிறான். அவனிடம் சொன்னேன். "ஒரு காரியத்தால் எத்தனை பேருக்குச் சந்தோஷம் என்று பார்த்துத்தான் அது சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். நாலு வீட்டில் பத்தொன்பது பேர் பிழைக்கிறோம். போனால் ஒரு யானை. நீ சொன்ன பொய்யும் வள்ளுவரே ஒத்துக்கொண்ட பொய்தான்" என்கிறான். கேட்டால் சரியாகத்தான் படுகிறது. மனசு மட்டும் ஒப்பவில்லை. வெளியே சொன்னால் சொந்தபந்தம் என்னை ஒதுக்கிவிடும். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, சிவில் சர்வீஸ் மெயின் தேர்வின் அறவியல் தாளுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2013இல் வந்த தாள், 250 மதிப்பெண். அதில் இந்தப் பாடத்தை முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வது ஒரே வரி: 'மிகப் பலரின் மிகப் பெரிய மகிழ்ச்சி'. அதை எழுத ஒரு நிமிஷம் போதும். மீதி எண்பத்தொன்பது நிமிஷமும் காற்றோடு போய்விடுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

உங்கள் மகன் போட்ட இந்தக் கணக்குக்குப் பாடப்புத்தகத்தில் பயன்பாட்டுவாதம் என்று பெயர் போட்டிருக்கும். லண்டனில் 1748இல் பிறந்த ஜெரமி பெந்தம் என்பவர் இதற்கு உருக்கொடுத்தார். சட்டம் படித்துவிட்டு வக்கீல் தொழிலில் நிலைக்காமல், சட்டங்களையே கேள்வி கேட்கக் கிளம்பிய மனிதர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் திருட்டுக்கும் தூக்குத் தண்டனை உண்டு. ஏன் என்று கேட்டால், காலங்காலமாக அப்படித்தான் என்பார்கள். பெந்தம் அதை ஏற்கவில்லை. இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன நன்மை, யாருக்கு எவ்வளவு வலி, எண்ணிச் சொல்லுங்கள் என்றார். ராஜாவின் வலியும் கூலிக்காரரின் வலியும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான். ஒவ்வொருவரும் ஒன்று, யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை. இது பெந்தமின் வாக்கு என்று அவருடைய சீடர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிவைத்திருக்கிறார்.

ஆக, எண்ணிப் பார்ப்பது பாவம் இல்லை. என்னைக் கேட்டால் நான் முக்கால்வாசி பெந்தம் கட்சிதான். நம் மாவட்டத்துத் தண்ணீரையே பாருங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. சின்ன வயதிலேயே பல்லில் மஞ்சள் கறை, வயதானால் எலும்பும் மூட்டும் இறுகிப்போதல். ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் எத்தனை ஊர், எத்தனை பேர், எவ்வளவு நாள் வலி என்று எண்ணித்தான் ஆக வேண்டும். அங்கே 'மனசு சொல்கிறது' என்று முடிவெடுத்தால், அதிகாரியின் சொந்த ஊருக்கு முதல் குழாய் போய்விடும்.

சரி, உங்கள் கொல்லைக்கு வருகிறேன். உங்கள் மகன் கணக்குப் போட்டதில் தப்பில்லை. பத்தொன்பது என்று எண்ணி, அத்தோடு பேனாவை மூடிவிட்டதுதான் தப்பு.

ஒரு சந்தோஷத்தை அளக்க பெந்தம் ஏழு அளவு சொல்கிறார். எவ்வளவு ஆழமானது, எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாணவர்கள் தாண்டிப்போகிற இடங்கள் மூன்று. அது வந்தே தீருமா, எவ்வளவு உறுதி? அதன் பின்னாலேயே துன்பம் ஏதும் ஒட்டிக்கொண்டு வராதா, எவ்வளவு சுத்தம்? எத்தனை பேர் வரை பரவும்? உங்கள் வேலிக்கு இந்த மூன்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் உறுதி. கம்பியில் யானை மாட்டும் என்று உங்கள் மகன் எழுதிக்கொண்டார். கம்பிக்கு யானை எது, ஆள் எது என்று தெரியாதே அம்மா. கடையில் விற்கிற சோலார் வேலி வேறு. அதில் ஒரு பெட்டி இருக்கும். பேட்டரியிலிருந்து வாங்கி, விநாடிக்கு ஒரு தடவை வீதம், கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஓர் அதிர்ச்சியை அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், இரண்டு அதிர்ச்சிக்கு நடுவில் தொட்டவர் கையை எடுக்க இடைவெளி கிடைக்கும். சுளீரென்று அடிக்கும், பயந்து ஓடலாம். கொக்கி போட்ட லைனில் வருவது 230 வோல்ட், நிற்காத மின்சாரம். பிடித்த தசை சுருங்கி அப்படியே இறுகிவிடும். கையை எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது. பன்றிக்குப் போட்ட கம்பியில் போட்டவரே மாட்டிச் செத்தார் என்ற செய்தியை நம் பக்கத்துப் பேப்பரில் நீங்களே படித்திருப்பீர்கள். விடியற்காலை மோட்டார் போடப் போகிறவர், ஒதுங்கப் போகிற பொம்பளைகள், கொடி அறுந்து வந்த கன்றுக்குட்டி, கொக்கியை எடுக்க மறந்து தூங்கிவிட்ட ஒரு ராத்திரி. உங்கள் வீட்டுப் பத்தொன்பது பேரும் இந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் மட்டும் இல்லை. செலவுப் பக்கத்திலும் அதே பத்தொன்பது பேர் நிற்கிறார்கள்.

'போனால் ஒரு யானை' என்பதும் உறுதியான பேச்சு இல்லை. 2023 மார்ச்சில் உங்கள் தாலுகாவிலேயே, மாரண்டஹள்ளிப் பக்கம், சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படங்களை உங்கள் மகனும் அப்போது செல்போனில் பார்த்திருப்பார். யானை எப்போதும் தனி ஆளாக வருவதில்லை. ஒன்று விழுந்தால் மற்றது தொட்டுத் தூக்கப் போகும். கூட்டத்தை நடத்துகிற மூத்த பெண் யானைக்குத்தான் வழியும் தண்ணீரும் தெரியும். அது போய்விட்டால் மீதிக் கூட்டம் திக்குத் தெரியாமல் ஊருக்குள் வராது என்று யார் உறுதி கொடுப்பது?

யானை வலியை ஏன் சேர்க்க வேண்டும், அது மிருகம்தானே என்று உங்கள் மகன் கேட்கலாம். கேட்டால் அவர் சொல்கிற பெந்தமே அவரை விடமாட்டார். 1789இல் வெளிவந்த நூலில், ஓர் அடிக்குறிப்பில், மிருகங்களைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். அவற்றால் யோசிக்க முடியுமா என்பது கேள்வி இல்லை, பேச முடியுமா என்பதும் இல்லை, வலியை உணர முடியுமா என்பதே கேள்வி என்று. பிரான்சில் புரட்சி வெடித்த வருஷம் அது. மனுஷனுக்கே உரிமை உண்டா என்று சண்டை நடந்த காலத்தில், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி. என் வகுப்பில் இதற்கு நாலு நிமிஷம் ஒதுக்குகிறேன். இனி இன்னும் கொஞ்சம் கூட ஒதுக்க வேண்டும்.

அடுத்தது சுத்தம். இதில் நீங்கள் சொன்ன பொய்யும் வந்துவிடுகிறது. உங்கள் மகன் சொன்ன குறள் இதுதான்:

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

எல்லாரும் 'நன்மை' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் நிற்கிற 'புரைதீர்ந்த' என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். புரை என்றால் குற்றம். புண்ணில் புரையோடுவது என்கிறோமே, அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. வெளித்தோல் ஆறியிருக்கும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பெந்தம் சுத்தம் என்று கேட்டதும் வள்ளுவர் புரைதீர்ந்த என்று கேட்டதும் கிட்டத்தட்ட ஒன்று: பின்னாலேயே கெடுதல் வராத நன்மையா? கொலைகாரன் துரத்தி வரும்போது ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்காமல் சொல்கிற பொய் அந்தச் சேர்த்தி. வாட்சரிடம் நீங்கள் சொன்னது, கம்பி இன்று ராத்திரியும் உயிரோடு இருக்க வழி விட்ட பொய். தவிர, அந்த வாட்சர் யார்? அவரும் பக்கத்து ஊர்ப் பிள்ளையாகத்தான் இருப்பார். யானையை விரட்ட இருட்டில் டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக்கொல்லையாக ஓடுகிறவர். இங்கே கம்பி இல்லை என்று நம்பி உங்கள் வரப்பில் கால் வைப்பார். உங்களுக்குத் தூக்கம் வராததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது பேரின் சந்தோஷம் என்கிறாரே, அந்தப் பத்தொன்பதில் நீங்களும் ஒருத்தர்தானே? ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிற ஒருத்தரையும் சேர்த்து எப்படிப் பத்தொன்பது வரும்? வீட்டு ஆட்களையே அவர் சரியாக எண்ணவில்லை.

மூன்றாவது, எத்தனை பேர் வரை. இங்கே கொஞ்சம் வழி விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சற்று முன் சொன்ன மில், பதினேழு வயதில், 1823இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1858 வரை அங்கேதான் சம்பளம். அந்தக் கம்பெனிதான் திப்புவிடமிருந்து 1792இல் நம் பாரமகாலை வாங்கியது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வந்து கொல்லை கொல்லையாக அளந்து வரி போட்டார்கள். விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை அப்படி வளர்ந்தது. உங்கள் இரண்டரை ஏக்கரின் முப்பாட்டன் நிலமும் அப்போது சங்கிலி போட்டு அளக்கப்பட்டிருக்கும். மனித சுதந்திரத்தைப் பற்றி மில் 1859இல் எழுதிய நூல் இன்றைக்கும் பாடம். அதே நூலின் முதல் அத்தியாயத்தில், பின்தங்கிய சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது, அவர்களை முன்னேற்றும் நோக்கம் இருந்தால் எதேச்சாதிகார ஆட்சியே தகும் என்கிறார். நம்மையும் மனதில் வைத்துத்தான்.

அவ்வளவு பெரிய மூளை. எல்லார் சந்தோஷமும் சமம் என்று சொன்னவரின் சீடர். ஆனாலும் கணக்குப் போடுகிற மேசையில் நம் ஆட்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இல்லாதவருக்கு எது நல்லது என்பதை இருந்தவர்களே முடிவு செய்தார்கள். உங்கள் கொழுந்தனார் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் அதுதான். நாலு வீட்டு ஆம்பளைகள் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். உங்களைக் கேட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரையோ, அந்த வழியாகக் காட்டுக்கு மாடு ஓட்டிப் போகிறவரையோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதே நியாயம் எதிர்ப்பக்கத்துக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். யானை வாழ வேண்டும் என்று ஊரெல்லாம் ஆசைப்படுகிறது. பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டம் வருவதை வீடியோவில் பார்த்து ஓசூர்க்காரர்களும் பெங்களூருக்காரர்களும் மெய்சிலிர்க்கிறார்கள். 2022இல் இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்துக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு நான் என்ன விலை கொடுத்தேன்? ஒரு பைசா இல்லை. நீங்கள் ஒரு வருஷத்துக் களியைக் கொடுத்தீர்கள். லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு துளி இன்பம், ஓரத்துக் கொல்லைக்காரர் ஒருத்தர் தலையில் மொத்தச் சுமை. கூட்டிப் பார்த்தால் வரவுதான் அதிகம் வரும், அதனால் சரி என்று ஒரு பயன்பாட்டுவாதி சொன்னால், அவர் முகத்துக்கு நேராகவே அது அநியாயம் என்பேன். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, யார் மேல் எவ்வளவு விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெந்தமுக்கு எதிராக இருநூறு வருஷமாகச் சொல்லப்படுகிற குற்றச்சாட்டுகளில் வலுவானது இதுதான். அதற்கு அவர் பக்கத்தில் முழுசான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். கொழுந்தனாருக்கு வருவதும் நியாயம். அந்தக் கோபம் நஷ்டஈடு விண்ணப்பமாகவும், ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நாலு ஊர் சேர்ந்து உட்காருவதாகவும் போக வேண்டியது. கொக்கிக் கம்பியாக ஏறிவிட்டது.

கணக்கு எட்டாத ஓர் இடமும் இருக்கிறது. அதற்கு என் வீட்டுக் கதை. நாங்கள் பென்னாகரம் பக்கம். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது என் அப்பா நிலக்கடலைக் கொல்லையில் பன்றிக்காக இதே மாதிரி ஒரு கம்பி போட்டார். மூன்றாம் நாள் விடிகாலையில் பக்கத்துக் கொல்லைத் தாத்தாவின் பசு அதில் கிடந்தது. ஊர் கூடிப் பேசியது. அப்பா மறுபேச்சுப் பேசாமல் சந்தைக்குப் போய், செத்ததைவிட ஒரு படி மேலான மாட்டை, கன்றோடு வாங்கி வந்து கட்டினார். பால் கூடுதல். கணக்குப்படி தாத்தாவுக்கு லாபம். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் புது மாட்டுக்கு அவர் பெயரே வைக்கவில்லை. செத்துப்போனதன் பெயரைச் சொல்லித்தான் அதையும் கூப்பிட்டார். அது திரும்பாது. அவரும் விடாமல் கூப்பிடுவார். என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து தினமும் சாயங்காலம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த நிலத்தில் அவர் கடலை போடவே இல்லை.

ஒரு இழப்புக்கு ஈடாக இன்னொரு நன்மையை வைத்து, இரண்டும் சரியாகிவிட்டது என்று கோடு கிழிக்கலாம். போனது போனதுதான். வள்ளுவர் இதை இன்னும் கறாராகவே சொல்கிறார்:

நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக்
கொன்றாகும் ஆக்கம் கடை.

வரும்படி பெரிசு என்பதை அவர் மறுக்கவில்லை பாருங்கள். பெரிதுதான் என்று ஒத்துக்கொண்டே கடைசியில் தள்ளுகிறார். பெந்தமிடம் எண்ணச் சொல்லிக் கேட்டாலும், வள்ளுவரிடம் எண்ணாமல் கேட்டாலும் உங்கள் கம்பிக்கு ஒரே பதில்தான் வருகிறது. இப்படி இரண்டு பேரும் ஒத்துப்போவது அபூர்வம். என் வகுப்பில் பெரும்பாலும் இவர்களைச் சண்டை போட விட்டுத்தான் நான் சம்பாதிக்கிறேன்.

இனி என்ன செய்வது. முதல் வேலை இன்றைக்கே: பேரப்பிள்ளைகள், ஓரகத்தி, வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் இருட்டின பிறகு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.

அப்புறம் கொழுந்தனார். அவரிடம் யானையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், அறத்தைப் பற்றியும் வேண்டாம். அவர் பிள்ளை காலையில் மோட்டார் போட எந்த வரப்பு வழியாகப் போகிறான் என்று கேளுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிற விலங்கு யானை. அந்த 1972 சட்டப்படி அதைக் கொன்றதாக நிரூபித்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. ஆள் செத்தால் வழக்கு வேறு மாதிரிப் போகும். கொக்கி போட்டது தனி மின்திருட்டு வழக்கு. கொழுந்தனார் ஜெயிலுக்குப் போனால் நாலு வீட்டுப் பத்தொன்பது பேர் என்ன செய்வார்கள் என்று உங்கள் மகனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், அவருக்குத்தான் கணக்கு நன்றாக வருகிறதே. தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் ஓரகத்தியை முதலில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வீட்டில் அண்ணி சொல்லி அசையாதது சம்சாரம் சொல்லி அசையும்.

கம்பியை எடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது. கதிர் பிடித்து நிற்கிற நேரம். கையில் மாற்று ஒன்றோடு போங்கள். நாலு வீடும் சேர்ந்து ஒரே சுற்றாக, முறைப்படி பெட்டி வைத்த சோலார் வேலி போட்டால் ஆளுக்கு விழுகிற செலவு குறையும். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் சோலார் வேலி போட்டுக்கொடுத்திருக்கிறது. இந்த வருஷ ஒதுக்கீட்டை விசாரித்துவர உங்கள் மகனையே அனுப்புங்கள், படிப்புக்கும் உதவும். காட்டோர ஊர் என்பதால், 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். அது வரும் வரை பழைய வழிதான்: முறை வைத்துப் பரண் காவல், காய்ந்த மிளகாயும் சாணியும் போட்ட புகைமூட்டம், நாலைந்து ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நட்டால் நட்டம் என்று கைவிட வேண்டாம். போன வருஷச் சேதத்தில் விட்டது போகட்டும், இந்த வருஷம் ஒரு கதிர் மிதிபட்டாலும் அன்றைக்கே படம் எடுத்து, விஏஓவிடம் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்கு நஷ்டஈடு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் சொல்லியும் கேட்கவில்லை என்றால்? இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், அம்மா. ஒரு நாள் குறித்து, 'இத்தனாம் தேதிக்குள் எடுக்கவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன்' என்று அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அதன்படி செய்யுங்கள். முதுகுக்குப் பின்னால் போய்ச் சொன்னாள் என்ற பேச்சாவது இருக்காது. நாள் என்றால் வாரக்கணக்கில் வேண்டாம், இரண்டு மூன்று நாள் போதும். முதலில் லைன்மேனிடம் சொல்லலாம். கொக்கி போனால் அபராதம் வரலாம், ஆனால் உயிர் போகிறதற்கு முன்னால் வந்த அபராதம் அது. அந்த வாட்சரைப் பார்த்தால், அன்றைக்கு இல்லை என்று சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சொந்தம் ஒதுக்குமா? ஒதுக்கலாம். ஒரு கல்யாணத்துக்கு அழைக்காமல் விடலாம், வரப்புத் தகராறு கிளம்பலாம், ஒத்தாசைக்கு ஆள் வராமல் போகலாம். வீட்டுக்காரர் இல்லாத நிலையில் அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பயம் என்று தெரியாமல் இதைச் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் அதுவும் ஒரு செலவு, சின்னச் செலவு இல்லை. அதையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுங்கள் என்கிறேன்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, தேர்வில் இதே கேள்வி வந்தால் நீ நன்றாக எழுதுவாய் என்று தெரிகிறது. விடைத்தாளில் 'பாதிக்கப்படுவோர்' என்று ஒரு பட்டியல் போடச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் முதல் பெயராக உன் அம்மாவை எழுது. இந்தச் சனி ஞாயிறு ஊருக்குப் போய் சித்தப்பாவிடம் பேசும்போது அம்மா பக்கத்தில் நீயும் இரு.

கடைசியாக ஒன்று. பேச்சு முறிந்துபோனால் ஆத்திரத்தில் நீங்களோ மகனோ போய் அந்தக் கொக்கியைத் தட்டிவிடப் பார்க்காதீர்கள். மூங்கில் கழி ஆனாலும் பனியில் நனைந்திருந்தால் கரண்ட் இறங்கும், கார்த்திகைப் பனி இறங்கும் நேரம் இது. லைன்மேனைக் கூப்பிட்டு லைனை ஆஃப் செய்யச் சொல்லி, அவர் கையாலேயே எடுக்கட்டும். அதுவரை வரப்புக்கு ஒரு பத்தடி தள்ளியே நில்லுங்கள்.